உபயத்துக்காக அழித்த பெயர்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்து மண்டபத்தில் பன்னிரண்டு மின்விசிறிகள். அவற்றில் ஒன்பதின் இறக்கைகளில் சிவப்புச் சாயத்தால் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயரை எழுதியிருக்கும். விசிறி சுழலும்போது எதையும் படிக்க முடியாது. மின்சாரம் போய்ப் புழுங்கும்போது அண்ணாந்து பார்ப்போம். அப்போதுதான் கொடுத்த புண்ணியவான்கள் ஒவ்வொருவராகத் தெரிவார்கள். நாற்காலிகளின் முதுகில் உபயம் உண்டு. சாம்பார் வாளியின் வயிற்றில் உண்டு. சுவர்க் கடிகாரத்தில் எண்களைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிது. எனக்குக் கண் மங்கியதிலிருந்து மணி தெரிவதில்லை, அவர் பெயர் மட்டும் தெரிகிறது.

எதைக் கண்டாலும் எண்ணுவது என் பழக்கம். வங்காளத்துக்கு வேலைக்கு வந்து, கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வேகன்கள் இல்லை. பவானிபூரில் வீட்டிலிருந்து சங்கம் வரைக்கும் தெருவிளக்கு, தெருநாய், சங்கத்தில் நாற்காலி, விசிறி. மனைவிக்கு இது பிடிக்காது. “எண்ணினா ஆயுசு கொறையும்” என்பாள். யாருடைய ஆயுசு என்று சொன்னதில்லை.

ஒரு முறை மண்டபத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள், வாசல் கிரில்லில் இருந்த ஒரு பெயரின் மேலும் சாயம் பூசிவிட்டார்கள். கிரில் கொடுத்தவரின் குடும்பம் அன்றோடு சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. சமாதானம் பேச மூன்று பேரை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். பழத்தட்டோடு போய், அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, “ஒருத்தர் கொடுத்த பொருள்ல அவர் பேரைத் தொடைக்கிறது, அவரையே வாசலுக்கு வெளியே தள்ளற மாதிரி. தப்புதான்” என்று சொன்னது நான்தான். மறுநாளே பெயரைத் திரும்ப எழுதினோம். முன்பு இருந்ததைவிட இரண்டு விரல் பெரிதாக.

இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பின்னால் நான் செய்ததை விவரம் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. பள்ளியில் ஆங்கிலம், வங்காளம், இந்தி. என் மருமகள் வங்காளி. பேத்தி என்னிடம் தமிழிலும், அம்மாவிடம் வங்காளத்திலும், எதிர்வீட்டு நாயிடம் ஆங்கிலத்திலும் பேசுவாள். சங்கத்தில் கிருத்திகை தோறும் பஜனை உண்டு. தாய்மார்கள் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பழம் என்பதைப் பிள்ளைகள் ‘பஸாம்’ என்று பாடும். வங்காள எழுத்தில் கொடுத்தால் சரளமாகப் படிக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கையால் எழுதிக் கொடுப்பதற்கு, இரண்டு எழுத்தும் தெரிந்தவர்கள் சங்கத்தில் நாலு பேர். அதில் ஒருவருக்குக் கை நடுக்கம்.

அப்போதுதான் இணையத்தில் அந்த மென்பொருள் கிடைத்தது. தமிழில் எழுதியதைக் கொடுத்தால் வங்காள எழுத்தில் தரும். இலவசம். அதன் நிரல் முழுவதும் திறந்தே இருந்தது, யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். திறந்தவுடன் வரும் முதல் திரையில், செய்தவர்களின் பெயர்கள் சிறிய எழுத்தில் இருந்தன. எண்ணினேன். பதினொன்று. பத்து வங்காளிப் பெயர், ஒன்று தமிழ்ப் பெயர். அதற்குக் கீழே நாலைந்து வரி: யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது இந்தப் பெயர்களும் இந்த நிபந்தனையும் கூடவே போக வேண்டும், மாற்றியிருந்தால், மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். தடுமாறியது. கணபதியின் முதல் எழுத்தையும் கண்ணனின் முதல் எழுத்தையும் ஒரே ஓசையாகவே எழுதியது. வங்காளத்தில் வகரம் கிடையாது. அதனால் வேல் என்று கொடுத்தால் ‘பேல்’ என்று வந்தது. பேல் என்றால் வங்காளத்தில் வில்வப்பழம். ஒரு கிருத்திகையில் பிள்ளைகள் முருகன் கையில் வில்வப்பழத்தைக் கொடுத்து மனமுருகப் பாடினார்கள். என் மருமகள் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டாள். அதன் பிறகு நான் உட்கார்ந்து, பாட்டுகளில் தவறாக வரும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்படி வர வேண்டும் என்று ஒரு சொற்பட்டியல் செய்து மென்பொருளுக்குள் சேர்த்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் அதே வேலை. நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். அது என் உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அதில் மட்டும் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆண்டுவிழாவில் இதை எல்லாக் குடும்பங்களுக்கும் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைப்பவர், நூற்று எண்பது பென் டிரைவ்களை வாங்கிக் கொடுத்தார். சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சிரித்துக்கொண்டே சாதிப்பவர்.

“சார், பென் டிரைவ் அண்ணாச்சி உபயம். கம்ப்யூட்டர்ல சொருகித் தொறந்ததும் மொதல்ல அவர் பேரு வரணும். பெரிசா.”

“அந்த எடத்துல ஏற்கெனவே பேருங்க இருக்கு.”

“யாரு பேரு?”

“செஞ்சவங்க பேரு. பதினொண்ணு.”

“பதினொண்ணா? கிரிக்கெட் டீமா சார் அது? நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா?”

“ஒண்ணு தமிழ்ப் பேரு. யாருன்னு தெரியல.”

“தெரியாதவங்க பேரை வெச்சு நாம என்ன பண்றது? சும்மா கொடுத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க சார். அண்ணாச்சி கோவிச்சுக்குவார்.”

அவர் சொன்ன கணக்கு அப்போது எனக்குச் சரியாகவே பட்டது.

வீட்டுக்கு வந்து செய்தேன். அதைச் செய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. முதல் திரையில் என்ன வர வேண்டும் என்பது ஒரு சாதாரணக் கோப்பில் இருந்தது. பதினொரு பெயர்களையும் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினேன். அந்த இடத்தில் அண்ணாச்சியின் பெயர் வந்தது. அதற்குக் கீழே ‘உருவாக்கம்’ என்று போட்டுச் சங்கத்தின் பெயர். நிபந்தனை எழுதிய கோப்பையும் நீக்கினேன். அதைப் படித்து யாராவது பயந்துகொள்வார்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தார். மென்பொருளைச் செய்தவர்கள் கதவைப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். உள்ளே போய் வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வருவதற்கு எனக்கு அது வசதியாகப் போயிற்று.

விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “நம்ம சார் ராப்பகலா ஒக்காந்து உருவாக்கின மென்பொருள்” என்றார் செயலாளர், ஒலிபெருக்கியில். கைதட்டினார்கள். மைக்கை என் பக்கம் நீட்டினார். உருவாக்கியவர்கள் வேறு ஆட்கள் என்று சொல்ல இதைவிட நல்ல தருணம் அமையாது. நான் பிள்ளைகள் பாட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்திக்கு நேரமாகிறது என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பால் பாயசம் நன்றாக இருந்தது. இரண்டு முறை வாங்கினேன். சர்க்கரைக்காரன் வாங்கக் கூடாது.

பிறகு மற்ற ஊர்ச் சங்கங்களிலிருந்து கேட்டார்கள். ஜாம்ஷெட்பூர், நாக்பூர், டெல்லி. சங்கத்தின் இணையதளத்திலேயே போட்டுவிட்டோம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று தளமே எண்ணிக் காட்டும். காலையில் காப்பியோடு அதைப் பார்ப்பது எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், சங்கத்தில் செயலாளரும் நானும் மட்டும் இருந்தோம். திருமணத்துக்கு வாடகைக்குப் போன தட்டுகள் திரும்பி வந்திருந்தன, சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது முப்பத்தைந்து வயதுள்ள பெண் ஒருத்தி வந்தாள். தோளில் பை, நெற்றியில் வியர்வை. வங்காளத்தில் பேசினாள். எங்கள் எல்லோருக்கும் வங்காளம் நன்றாக வரும் என்பதால் பேச்சில் இடைஞ்சல் இல்லை. அறிமுகமில்லாத வயதானவரை வங்காளிகள் அழைப்பது போல என்னை ‘மேசோமஷாய்’ என்றாள்.

பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்து, எங்கள் தளத்தைத் திறந்து, முதல் திரையைக் காட்டினாள். அண்ணாச்சியின் பெயர் பளிச்சென்று இருந்தது.

“இது நாங்க செஞ்சது மேசோமஷாய்” என்றாள்.

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். எத்தனையாவது தட்டு என்பது மறந்துவிட்டது.

அவள் சொன்னது இது. பல ஆண்டுகளாகத் தற்காலிக வேலைகளில் இருக்கிறாள். ஜாதவ்பூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்முகம் நடந்தது. தன் வேலை என்று காட்டுவதற்கு அவளிடம் இருந்தவற்றில் பெரியது இந்த மென்பொருள்தான். தேர்வுக் குழுவில் ஒருவர் அங்கேயே கணினியில் தேடியிருக்கிறார். அவளுடைய பக்கம் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. அதே திரை, அதே நிறம், அதே பொத்தான்கள். உருவாக்கம்: எங்கள் சங்கம்.

“திருடினேன்னு அவங்க சொல்லல” என்றாள். “தெளிவுபடுத்துங்கன்னு சொன்னாங்க. புதன்கிழமை வரைக்கும் நேரம். உங்க பக்கத்துலேருந்து யாராவது ஒருத்தர், இது எங்ககிட்டேருந்து எடுத்ததுன்னு சொன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

செயலாளர் தேநீர் வரவழைத்தார். தேநீர் வரும் வரை சிரித்தார். பிறகு, “இலவசம்னுதானே நீங்களே போட்டிருந்தீங்க?” என்றார்.

“ஆமா தாதா” என்றாள், வங்காளத்தில் அண்ணனை அழைப்பது போல. “எடுத்துக்கங்க, கொடுங்க, மாத்துங்க. பேரை மட்டும் வைங்கன்னு போட்டிருந்தோம்.”

“நாங்களும் நெறைய வேலை பண்ணியிருக்கோம்மா. உங்களோடதை அடிப்படையா வெச்சு நாங்க உருவாக்கினதுன்னு வேணா சொல்லிக்கலாம். சங்கம்னா ஒரு மானம் இருக்கு. மேடை போட்டு, பொன்னாடை போத்தி ஆச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவன் நான். அதற்குப் பதிலாக நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

“உங்க நிரல்ல மொத்தம் எத்தனை வரி?” என்று கேட்டேன். என் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் அதில் எத்தனை பங்கு வரும் என்று மனதில் வகுத்துக்கொண்டிருந்தேன். பங்கு பெரிதாக வந்தால் குற்றம் சிறிதாகிவிடும் என்பது போல.

அவளுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. “ஓ, அந்தச் சொற்பட்டியல் உங்களோடதா?” என்றாள். “ரொம்ப நல்லா இருக்கு மேசோமஷாய். ‘வேல்’ எங்களுக்குச் சரியா வரவே இல்ல. எங்களுக்கு அனுப்பியிருக்கலாமே? எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, வங்காளிப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்தோடு என்ன வேலை என்று கேட்டேன்.

அவளுடைய அப்பாவை வைத்தியத்துக்காக வேலூருக்கு அழைத்துப் போயிருக்கிறாள். இங்கிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகாத வங்காளிக் குடும்பம் குறைவு. மாதக்கணக்கில் அங்கே தங்க நேர்ந்தது. பேருந்துப் பலகை, மருந்துக்கடைப் பலகை, எதையும் படிக்க முடியவில்லை. அதே லாட்ஜில் தங்கியிருந்த மற்ற நோயாளிகளின் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து தொடங்கியதுதான் இந்த மென்பொருள். பலகைகளைப் படம் பிடித்து வந்து, எப்படி உச்சரிப்பது என்று லாட்ஜ் காவல்காரரிடம் கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, பதிவு செய்துகொள்வார்கள்.

“அவரு எங்ககிட்ட டீ கூட வாங்கிக்கல” என்றாள். “ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.” அதை மட்டும் தமிழில், அந்த மனிதர் சொன்னபடியே சொன்னாள்: “என் பேரு வருமா?”

பதினொன்றில் அந்தத் தமிழ்ப் பெயர் அவருடையது.

செயலாளர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. “பேசிட்டுச் சொல்றோம்மா” என்றார். அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “புதன்கிழமை” என்று மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருப்பேன்; ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவது முறையும் எடுக்கப் போனதைப் பார்த்து அவளே பிடித்துக்கொண்டாள். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

“அந்த கிரில்லு வெவகாரத்துக்குப் பழத்தட்டு தூக்கிட்டுப் போனது நீங்கதானே?”

“அது வேற. அது அவங்க காசு போட்டு வாங்கிக் கொடுத்தது.”

“ஓகோ. வாங்கிக் கொடுத்தா பேரு. செஞ்சு கொடுத்தா பேரு கெடையாது. நல்ல சட்டம்ங்க.”

“செயலாளர்தான் சொன்னாரு.”

“அவரு சொன்னாரு. வெரலு யாரோடது?”

கீரைத் தண்டுகளைத் தனியே ஒதுக்கினாள். நான் அவற்றை எண்ணவில்லை.

திங்கட்கிழமை காலை செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன், நான் கல்லூரிக்குப் போகிறேன் என்று. “சங்கத்தோட பேரு கெடும் சார்” என்றார். என் பேருதான் கெடும், சங்கத்தை இழுக்க மாட்டேன் என்றேன். “பொன்னாடையையும் எடுத்துட்டுப் போங்க, திருப்பிக் கொடுத்துடலாம்” என்று கேலி செய்தார்.

மெட்ரோவில் போய் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பின்னால் மூன்று பேர், முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் நான். என் வயதில் ஒருவனை முன்னால் உட்கார வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கினேன். ‘ஒரு சிறு கவனக்குறைவு’ என்று தொடங்கும் வாக்கியம் நன்றாக வந்தது. இறங்கும்போது அதை விட்டுவிட்டேன். கவனமாகத்தான் செய்தேன், பதினொன்றையும் எண்ணிவிட்டுத்தான் அழித்தேன்.

துறைத் தலைவர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையானவர். காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். அந்த மென்பொருள் அவளும் அவளோடு சேர்ந்தவர்களும் செய்தது, பெயர்களை அழித்தது நான், என்றேன். ஏன் என்று கேட்டார். உபயம் என்றால் என்ன என்று அவருக்கு வங்காளத்தில் விளக்க வேண்டியிருந்தது. விசிறிகளைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“அதாவது, விசிறியில கொடுத்தவர் பேரை எழுதற மாதிரி?”

“இல்ல. விசிறியைச் செஞ்சவங்க பேரைச் சொரண்டிட்டு, அதைத் தூக்கிட்டு வந்தவங்க பேரை எழுதற மாதிரி.”

சிரிப்பை நிறுத்தினார். மற்ற உறுப்பினர்களிடமும் சொல்வதாக உறுதி கூறினார். பிறகு கணினியைத் திருப்பி எனக்கு ஒன்றைக் காட்டினார். அவளுடைய தளத்தில், எந்த வரியை யார் எழுதினார்கள், எதற்குப் பிறகு எது என்று தொடக்கம் முதல் வரிசையாக இருந்தது. எங்கள் சங்கம் அதைத் தொடுவதற்குப் பல காலம் முந்தியது.

“இதை எங்கள்ல ஒருத்தர் பாத்திருந்தாலே போதும்” என்றார்.

“அப்புறம் ஏன் அவளைத் தெளிவுபடுத்தச் சொன்னீங்க?”

கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “உங்களோடது பழைய சங்கம். பெரிய எழுத்துல பேரு. அவளோட பக்கத்துல சின்ன எழுத்துல பதினோரு பேரு.”

பெரிய எழுத்தில் போட்டது நான். எந்த அளவு என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்றே பதினொரு பெயர்களையும் அவை இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். நிபந்தனைக் கோப்பையும் சேர்த்தேன். தளத்தின் முதல் பக்கத்தில், இது யாருடையது, பெயர்களை எடுத்தது யார் என்று எழுதினேன். செயலாளர் அதைச் சின்ன எழுத்தாக்கச் சொன்னார், செய்யவில்லை. அதிலிருந்து அவர் என்னிடம் தட்டு, நாற்காலி தவிர வேறு எதையும் பேசுவதில்லை.

அண்ணாச்சி சங்கத்துக்கே வந்துவிட்டார்.

“என்ன சார், எம் பேரை எறக்கிட்டியளாமே?”

“எறக்கல அண்ணாச்சி. பென் டிரைவ் ஒறையில இருக்கு. நீங்க கொடுத்தது அதுதானே. உள்ள இருக்கறது வேற ஆளுங்க செஞ்சது.”

கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதாம்லா. லாரி நம்ம லாரி, சரக்கு நம்ம சரக்கு இல்ல.” பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இத மொதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? நான் கோவிச்சுக்கிடுவேன்னு யாரு சொன்னா?”

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் கோபிப்பார் என்று நாங்களே தீர்மானித்து, அந்தக் கோபத்தை அவர் பெயரில் எழுதி, அதற்காகப் பதினொரு பேரை வெளியே தள்ளியிருந்தோம்.

கொடுத்த நூற்று எண்பது பென் டிரைவ்களில் அறுபத்து மூன்றைத் திரும்ப வாங்கிச் சரி செய்தேன். மற்றவை யார் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கின்றனவோ. வெளியூர்ச் சங்கங்களுக்கு எழுதினேன். நாக்பூரிலிருந்து மட்டும் பதில் வந்தது: ‘எந்தப் பெயர்கள்?’ அவர்கள் அதை இன்னும் நாலு ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து எங்கே போயிற்று என்பது என் கணக்குக்கு அப்பாற்பட்டது. உலகத்தில் எங்கோ அந்தக் காவல்காரரின் பெயர் இல்லாத பிரதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய லாட்ஜிலேயே கூட ஓடலாம்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவருக்குப் போயிற்று. தெரிந்ததும் தொலைபேசியில் அழைத்தேன்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மேசோமஷாய். அவங்க ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

அது உண்மையா, அல்லது வயதானவன் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் சேவைக்காலம் முழுவதும் ஒரு எண் எதனால் குறைந்தது என்று காரணம் எழுதிக் கொடுத்தவன் நான். இந்த ஒன்றுக்குக் காரணத்தை எழுத முடியவில்லை.

பேச்சை முடிக்கும் முன் அவள் கேட்டாள்: “உங்க சொற்பட்டியலை எங்க மென்பொருள்ல சேத்துக்கலாமா?”

“தாராளமா” என்றேன். கேட்க அவளுக்குத் தேவையே இல்லை. நான் கேட்டேனா?

இரண்டு நாள் கழித்துப் பேத்தி தன் அம்மாவின் கணினியோடு ஓடிவந்தாள். மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கியிருந்தாள். “தாத்தா, தோமார் நாம்!” என்று கத்தினாள். உன் பெயர் என்று. எழுத்துக்கூட்டத் தேவையில்லாமல் சரளமாக, வங்காள எழுத்தில் இருந்ததைப் படித்தாள். பதினொரு பெயர்கள். பன்னிரண்டாவது என்னுடையது. அதே அளவு எழுத்து. காவல்காரரின் பெயருக்குச் சரியாக ஐந்து வரி கீழே. பக்கத்தில், ‘பாடல் சொற்கள்’.

உடனே தொலைபேசியை எடுத்தேன். “என் பேரை எடுத்துடும்மா.”

“எப்படி எடுக்கறது? நீங்க செஞ்சது உள்ள இருக்கே.”

“நான் அதுக்குத் தகுதி இல்லாதவன். உனக்கே தெரியும்.”

“தகுதியெல்லாம் நாங்க பாக்கறது இல்ல மேசோமஷாய்” என்றாள். குரலில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கறார். “யாரு செஞ்சாங்களோ அவங்க பேரு இருக்கணும். அதான் விதி. உங்களுக்காக ஒரு பேரை அழிச்சா, நாளைக்கு வேற யாருக்காகவோ இன்னொண்ணை அழிக்கணும்.”

தொலைபேசியை வைத்தேன். பேத்தி அதற்குள் சமையலறைக்குப் போய்ப் பாட்டியிடம் காட்டிக்கொண்டிருந்தாள். மனைவிக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. எந்த வரி என்று பேத்தியைக் கேட்டு, அதன் மேல் ஈரக் கையை வைத்துப் பார்த்தாள்.

“எடுக்கச் சொன்னேன். மாட்டேங்கறா” என்றேன்.

“இருக்கட்டுமே” என்றாள். “தெனம் காலையில காப்பி குடிச்சிட்டே எதையோ பாப்பீங்களே, அதுக்குப் பதிலா இதைப் பாருங்க. மொதல் பேர்லேருந்து.”